வரப்பு சன்னமானாலும் வழி உண்டு!



இந்தப் பகுதியை ஒரு வாரம் விடாமல் படிக்கும் வாசகி நான். சமையல், சேமிப்பு, மாமியார் - மருமகள் மனத்தாங்கல் என்று எவ்வளவோ பேர் எழுதுகிறீர்கள். பல்லைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நாம்தான் பல் வலியைக் கூட யாரிடமும் சொல்லாமல், கிராம்பை அதக்கிக் கொண்டே அடுப்படியில் நிற்கிறவர்கள் ஆயிற்றே! அதனால்தான் என் கதையைச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

2011-ல் எனக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாயில் இரண்டு பல் சொத்தை. டாக்டர், 'ரூட் கேனல் பண்ணி கேப் போட்டா காப்பாத்திடலாம்மா' என்றார். செலவைக் கேட்டேன். அந்த மாதம்தான் என் பெண்ணுக்கு என்ஜினீயரிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். 'பிடுங்கிடுங்க டாக்டர், உள்ளேதானே இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது' என்று சொல்லி விட்டேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து சாயந்திரம் எல்லாருக்கும் தோசை வார்த்தேன்.

பல் போன இடத்தைப் பிறகு கட்டிக் கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன். அதற்கடுத்துப் பெண் கல்யாணம். பிறகு மாமியாரின் கடைசிக் காலம். 'பிறகு' என்பது 12 வருஷம் ஆகி விட்டது.

இதற்குள் என் வாய் வலது பக்கமே அரைக்கப் பழகி விட்டது. முறுக்கு, சீடை எல்லாம் பேரக் குழந்தைகளுக்குச் சுடுவதோடு சரி. சுண்டலை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சாப்பிடுவேன். வெளியே தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள், அதுவும் பொய். கன்னம் ஒரு பக்கம் ஒடுங்கிப் போய், போட்டோவில் நானே முந்தானையால் மறைத்துக் கொள்ள ஆரம்பித்தேன்.

2023 பொங்கலுக்கு வந்த என் பெண், நான் கரும்பைத் தொடாமல் நகர்ந்ததைப் பார்த்து விட்டாள். 'ஏம்மா, சீட்டுப் பணம் வந்துச்சே, இம்பிளான்ட் வெச்சுக்கோயேன்' என்றாள். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர், 'இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்?' என்றார். அவள் விடவில்லை. 'அப்பா, உங்க முட்டிக்கு அம்மா வயசைப் பார்த்தாளா?' என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மனுஷர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக் கொண்டார்.

இம்பிளான்ட் என்றால் என்ன என்று தெரியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பல் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சின்ன திருகாணியைப் பொருத்துகிறார்கள். எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்து பிடித்துக் கொள்ளும். அதுதான் செயற்கை வேர். அதன் மேல் பல்லைப் பொருத்துவார்கள். 1952-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரோனெமார்க் முயல் எலும்பை ஆராய்ச்சி செய்தபோது, உள்ளே வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க வரவில்லையாம். எலும்பு அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக் கொண்டதாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடை முழுவதும் தெரிகிற மாதிரி ஓ.பி.ஜி. என்று ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். 'எலும்பு உயரம் நல்லா இருக்கும்மா. வர்ற வெள்ளிக்கிழமையே போட்டுடலாம். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி உண்டு' என்றார்கள். தள்ளுபடி என்றால் நமக்குக் காது நீளுமே! கட்டி விட்டு வந்தேன்.

ராத்திரி பெண்ணிடம் போனில் சொன்னேன். அவள் சிநேகிதி ஒருத்தி பல் டாக்டர். விசாரித்து விட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். 'அம்மா, உயரம் பார்த்தாங்க சரி. அகலம் பார்த்தாங்களா? பல் போய் 12 வருஷம் ஆச்சுன்னா எலும்பு ஒல்லியாகியிருக்கும், ஸ்கேன் எடுக்காம போடக் கூடாதுன்னு சொல்றா' என்றாள்.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டேன். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்' என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போகவில்லை. அட்வான்ஸும் திரும்பி வரவில்லை. போகட்டும், பாடத்துக்குக் கட்டிய ஃபீஸ்!

பிறகு தஞ்சாவூரில், எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் ஒரு படம் போட்டுக் காட்டினார். 'ஒரு மதில் சுவரை எதிரே நின்னு போட்டோ எடுத்தா, நீளம் தெரியும், உயரம் தெரியும். சுவர் ஒரு செங்கல் கனமா, அரைச் செங்கல் கனமான்னு தெரியுமாம்மா? ஓ.பி.ஜி.யும் அப்படித்தான். கனம் தெரியணும்னா சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கணும்' என்றார். எடுத்தோம். நின்றபடியே ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. வலி இல்லை, ஊசி இல்லை.

என் எலும்பின் மேல்முனை அகலம் 3.8 மி.மீ.! கீழே போகப் போகக் கொஞ்சம் அகலம் கூடியது.

'இது போதாதா டாக்டர்?' என்றேன்.

'உங்க ஊர்ப் பக்கம் வயல் வரப்பு பார்த்திருப்பீங்க இல்ல? ஒரு முழ அகல வரப்புல தென்னங்கன்னு நட்டா என்ன ஆகும்? குழி வெட்டும்போதே இரண்டு பக்கமும் மண் சரிஞ்சிடும். சாதாரண இம்பிளான்ட் சுமார் 4 மி.மீ. கனம். அதுக்கு இரண்டு பக்கமும் குறைஞ்சது ஒவ்வொரு மில்லிமீட்டராவது எலும்பு இருக்கணும். ஆக 6 வேணும். இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லது. உங்ககிட்ட 4-கூட இல்லை. அப்படியே போட்டிருந்தா பக்கவாட்டுல உலோகம் வெளியே தெரிஞ்சிருக்கும். ஈறு இறங்கும், சீழ் பிடிக்கும், கடைசியில கழண்டு விழும்' என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன்.

'எலும்பு ஏன் டாக்டர் தேயுது? நான் பால், கேழ்வரகு எல்லாம் சாப்பிடறேனே?' என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். தாடையில் பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனால் அதற்கு வேலை இல்லை. உடம்பு அதைக் கரைத்துக் கொள்ளும். அதிலும் கன்னத்துப் பக்கம்தான் அதிகம் கரையும். பல் எடுத்த முதல் 6 மாதத்திலேயே அகலத்தில் சராசரியாக 3.8 மி.மீ. வரை குறைந்து விடுவதாக ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்களாம். நான் பால் குடித்தாலும் கேழ்வரகு தின்றாலும் இது நிற்காது. நான் அன்றைக்கு மிச்சம் பிடித்த ரூட் கேனல் பணத்தை, என் எலும்பு வட்டியும் முதலுமாகக் கட்டியிருக்கிறது.

'அப்போ எனக்கு வழியே இல்லையா?' என்றேன். குரல் கம்மி விட்டது.

'யார் சொன்னது? வரப்பு சன்னமா இருந்தா விவசாயி என்னென்ன செய்வான், சொல்லுங்க' என்று சிரித்தார். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னதை, வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். அதை அப்படியே தருகிறேன்.

சின்னக் கன்றாக நடுவது: 3 முதல் 3.5 மி.மீ. கனத்தில் ஒல்லியான இம்பிளான்ட்கள் இருக்கின்றன. டைட்டானியத்தோடு சிர்கோனியம் சேர்த்து உறுதியாகவும் செய்கிறார்கள். கீழ் முன்பல், மேலே பெரிய முன்பற்களுக்குப் பக்கத்துப் பல் போன்ற சின்னப் பற்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால், கடைவாயில் நாம் கடிக்கிற வேகம் அதிகம். அங்கே ஒல்லியானதைப் போட்டால் நாளாவட்டத்தில் உடைகிற அபாயம் உண்டு. தவிர, 3 மி.மீ. இம்பிளான்டுக்கே 5 மி.மீ. எலும்பு வேண்டும். என் கணக்கு அதற்கும் எட்டவில்லை.

ரொம்பச் சின்னது: 3 மில்லிமீட்டருக்கும் குறைவான மினி இம்பிளான்ட். இதைப் பெரும்பாலும், ஆடுகிற பல் செட்டைப் பிடித்து நிறுத்தத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வரப்பைப் பிளந்து அகட்டுவது: எலும்பின் நடுவில் மெல்லிய கீறல் போட்டு, மெல்ல மெல்ல விரித்து, நடுவில் இம்பிளான்டை இறக்குவது. இதற்கு 3 மில்லிமீட்டராவது அகலமும், இரண்டு கெட்டி ஓட்டுக்கு நடுவே மெத்தென்ற எலும்பும் இருக்க வேண்டும். மேல் தாடை எலும்பு மிருது, வளைந்து கொடுக்கும். கீழ்த் தாடை கெட்டி, வெளி ஓடு உடைந்து விடலாம். என்னுடையது கீழ்த் தாடை. 'உங்களுக்கு இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்' என்று சொல்லி விட்டார்.

பக்கத்தில் மண் அணைப்பது: சன்னமான பக்கத்தில் எலும்புப் பொடியை வைத்து, அதன் மேல் மெல்லிய சவ்வைப் போர்த்தி, ஈறை மூடித் தைத்து விடுவது. சில மாதத்தில் அந்தப் பொடியைப் பற்றிக் கொண்டு நம் எலும்பே வளரும். பிறகு இம்பிளான்ட். குறை கொஞ்சம் என்றால் இரண்டையும் ஒரே தடவையில் செய்வதும் உண்டு.

வேறு இடத்து மண்ணைக் கட்டியாகக் கொண்டு வருவது: நம் முகவாயிலிருந்தோ, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்தோ ஒரு துண்டு எலும்பை எடுத்துத் திருகாணியால் பொருத்துவது. எலும்பு ரொம்பவே தேய்ந்தவர்களுக்கு இது. காயம் இரண்டு இடத்தில். முகவாயில் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கலாம்.

நடாமலே விடுவது: இரண்டு பக்கப் பல்லையும் ராவி, பிரிட்ஜ் கட்டலாம். இல்லையென்றால் கழற்றி மாட்டும் பல். இதில் எலும்பு அகலம் பெரிய பிரச்னை இல்லை, காலமும் செலவும் குறைவு. ஆனால், பிரிட்ஜுக்காக எனக்கு நல்ல பற்களை ராவ வேண்டும். என் பின்பல் வேறு 12 வருஷமாகக் காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

'இதெல்லாம் சொல்லிட்டேன். வீட்டுல பேசிட்டு வாங்க, அவசரமே இல்லை' என்று அனுப்பி வைத்தார். எந்த டாக்டர் 'அவசரமில்லை' என்கிறாரோ, அவரிடம் நம்பிக்கை வருகிறது இல்லையா?

நான் மண் அணைக்கிற வழியைத் தேர்ந்தெடுத்தேன். உடனே ஆரம்பிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 8.6 வந்தது. 'இதோட கை வெச்சா புண் ஆறாது, பொடி நிக்காது. 7 பக்கம் கொண்டு வாங்க' என்றார். என் சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றினார். நான் சாயந்திர டிபனை நிறுத்தினேன், கோவில் பிராகாரத்தை தினமும் சுற்றினேன். மூன்று மாதம் கழித்து 7.1. பல்லுக்காகப் போய் சர்க்கரை அடங்கியது, அது எனக்கு உபரி லாபம்!

இன்னொரு விஷயம். நாங்கள் சைவம். டாக்டரம்மா தானாகவே கேட்டார், 'அம்மா, இந்த எலும்புப் பொடி பல வகை. உங்க எலும்பையே சுரண்டி எடுக்கலாம். தானமா வந்த மனித எலும்பு இருக்கு. மாட்டு எலும்புல தயாரிச்சது இருக்கு, அதுதான் நிறைய உபயோகத்துல இருக்கு. செயற்கையா செஞ்சதும் இருக்கு. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க' என்றார். எல்லாமே சுத்திகரித்துப் பக்குவப்படுத்தியவைதான், மாட்டு எலும்புப் பொடி சீக்கிரம் கரையாமல் இடத்தைத் தாங்கி நிற்கும் என்றும் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் எலும்புச் சீவலோடு செயற்கைப் பொடி கலந்து வைப்பது என்று முடிவானது. போர்த்துகிற சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவதாம்! செயற்கைச் சவ்வும் உண்டு. ஆகவே சகோதரிகளே, பொடியை மட்டும் கேட்டால் போதாது, போர்வையையும் கேளுங்கள். ஆட்சேபம் இல்லாதவர்களுக்குக் கவலையே இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் பின்னால் தெரிந்து வருத்தப்படக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2023 ஜூனில் பொடி வைத்தார். மரத்துப் போக ஊசிதான், மயக்க மருந்து இல்லை. ஒன்றரை மணி நேரம். வலி தெரியவில்லை, ஆனால் இழுக்கிறது, சுரண்டுகிறது என்பது தெரிந்தது. கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள் மூன்று தடவை சொல்லி முடித்தேன். மரப்பு விட்ட பிறகு வலித்தது. இரண்டாம் நாள் கன்னம் அதிரசம் மாதிரி வீங்கியது. நாலாம் நாளிலிருந்து வடிந்தது. முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், ஆறின இட்லி, குழைந்த மோர் சாதம், வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. அந்த ஒரு வாரம் என் வீட்டுக்காரர் சமைத்தார். ரசத்தில் உப்பு இல்லை. நான் வாயைத் திறக்க முடியாத நிலை, அதனால் சண்டை வரவில்லை!

பிறகு 6 மாதம் காத்திருப்பு. டிசம்பரில் மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். 6.7 மி.மீ.! இரண்டு இம்பிளான்ட் வைத்தார். கீழ்த் தாடைக்குள் உதட்டுக்குப் போகிற நரம்பு ஒன்று ஓடுகிறது. அதில் பட்டால் உதடு மரத்துப் போகும். ஸ்கேனில் அந்தத் தூரத்தையும் அளந்துதான் இம்பிளான்ட் நீளத்தை முடிவு செய்தார். எலும்பு பிடிக்க இன்னும் மூன்று மாதம். 2024 ஏப்ரலில் பல் வந்தது. தமிழ் வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடியும் மசால் வடையும். இடது பக்கம் வைத்துக் கடித்தேன். 'கருக்'கென்று ஒரு சத்தம். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அந்தப் பக்கக் காதில் கேட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு என் பெரியக்காவும் கிளம்பி விட்டாள். அக்காவுக்கு 70 வயது. கீழ்ப் பல் அத்தனையும் போய், எலும்பு கத்தி முனை போல ஆகி விட்டது. பல் செட் வாயில் மிதக்கும், பேசும்போது துள்ளும். 'எனக்கும் உன்னை மாதிரியே வெச்சுக்கணும்டி' என்றாள். டாக்டரம்மா அக்காவிடம் முதலில் கேட்ட கேள்வி, 'எலும்புத் தேய்மானத்துக்கு, வாரம் ஒண்ணு, காலையில வெறும் வயித்துல முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாதுன்னு சொல்ற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?' என்பது. அக்கா 6 வருஷமாகச் சாப்பிடுகிறாள்! பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் சொல்லவே இல்லை.

சம்பந்தம் இருக்கிறதாம். அந்த வகை மாத்திரை பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கும், அதே காரணத்துக்காக வருஷம் ஒரு தரமோ ஆறு மாதத்துக்கு ஒரு தரமோ ஊசி போட்டுக் கொள்கிறவர்களுக்கும், தாடையில் பல் பிடுங்கினாலோ ஆபரேஷன் செய்தாலோ எலும்பு ஆறாமல் போவது அபூர்வமாக நடக்கிறது. அதற்காக, 'மாத்திரையை நிறுத்திட்டு வாங்க' என்று அவர் சொல்லவில்லை. 'நீங்களா நிறுத்தினா இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துக்குவீங்க. எலும்பு டாக்டர்கிட்ட நான் பேசறேன்' என்றார். பேசினார்கள். அபாயம் குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார்கள். அக்கா யோசித்து, 'எனக்கு வேண்டாம், செட்டையே நல்லா செஞ்சு கொடுங்க' என்றாள். புதிதாக, ஓரம் நன்றாகப் படிகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறார்கள். அக்கா இப்போது இட்லி, சப்பாத்தி, நறுக்கின ஆப்பிள் வரை சாப்பிடுகிறாள். முறுக்கு கிடையாது. அவளுக்குத் திருப்தி.

எங்கள் எதிர் வீட்டு மாமிக்கு வேறு வழி. அவருக்கும் கீழே பல்லே இல்லை, எலும்பு சன்னம், ஆனால் அந்த மாத்திரை இல்லை. பொடி வைத்து மாதக் கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லை என்றார். முன்பக்கம் நாலு மினி இம்பிளான்ட் வைத்து, அதன் மேல் பிரஸ் பட்டன் மாதிரி பல் செட் 'டக்'கென்று உட்கார்ந்து கொள்கிறது. ராத்திரி கழற்றிக் கழுவி வைக்கிறார். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கீழ்ப் பல் முழுவதும் போனவர்களுக்கு, வெறும் செட்டை விட இரண்டு இம்பிளான்ட் பிடிப்போடு செட் போடுவதே முதல் வழியாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவில் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்களாம். வாய் முழுக்க இம்பிளான்ட் போட்டால்தான் ஆச்சு என்பதில்லை.

ஆக, மூன்று பேர், மூன்று சன்னமான எலும்பு, மூன்று வழி. 'அவளுக்கு அது நல்லா இருந்துச்சு, எனக்கும் அதையே போடுங்க' என்று புடவைக் கடையில் சொல்லலாம், பல் ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது என்பதை நாங்கள் கற்றுக் கொண்டோம்.

போவதற்கு முன் ஒரு சீட்டில் இதையெல்லாம் எழுதிக் கொண்டு போங்கள்:

1. என் எலும்பு அகலம் எத்தனை மில்லிமீட்டர்? ஸ்கேன் படத்தில் காட்ட முடியுமா?

2. எனக்கு எத்தனை வழி இருக்கிறது? இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

3. எலும்புப் பொடியும் சவ்வும் எதில் செய்தது?

4. ஸ்கேன், பொடி, சவ்வு, இம்பிளான்ட், மேல் பல் - ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று எழுதித் தர முடியுமா? (இம்பிளான்ட் விலையை மட்டும் சொல்லி விட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது உண்டு.)

5. வைக்கும் இம்பிளான்டின் கம்பெனி பெயர், அளவு எழுதின அட்டை கிடைக்குமா? பின்னால் வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் உதவும்.

நீங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மான மாத்திரை அல்லது ஊசி, புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். புகையிலை, வைத்த எலும்பையும் ஆற விடாது, இம்பிளான்டையும் நிற்க விடாது.

செலவுக்குத் தயங்குகிறவர்கள், பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் விசாரியுங்கள். சென்னையிலும், சிதம்பரத்திலும், புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும், பேராசிரியர் மேற்பார்வையில் மேல்படிப்பு மாணவர்கள் செய்யும்போது வெளியில் ஆவதை விடக் குறைவாக ஆவது உண்டு. நாலு நடை கூடப் போக வேண்டியிருக்கும்.

இம்பிளான்ட் வைத்தால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அதில் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் எலும்பு மறுபடி தேயும். நான் தினமும் இரண்டு வேளை தேய்த்து, இடுக்கில் சின்ன பிரஷ் விட்டுச் சுத்தம் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. போன மாதம் என் பெண் போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாக, 'கடைவாய்ப் பல் ஒண்ணு வலிக்குதும்மா. ரூட் கேனல் பண்ணணும்னு சொல்றாங்க. குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டற மாசம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு இருக்கேன். இல்லேன்னா பிடுங்கிடலாமான்னு கூட யோசிக்கிறேன்' என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. 2011-ல் நான் சொன்ன அதே வார்த்தை! என் முட்டிக்கா, உன் பல்லுக்கா என்று அப்பாவைக் கேட்டவள், தன் பல் என்று வந்ததும் என் வழிக்கே வந்து விட்டாள்.

'அடியே, பிடுங்கற பேச்சே வேண்டாம். காப்பாத்த முடியற பல்லைக் காப்பாத்து. முடியவே முடியாதுன்னு டாக்டர் சொன்னா, பிடுங்கின அன்னிக்கே அந்தக் குழியில பொடி வெச்சு எலும்பு ரொம்பத் தேயாம பார்த்துக்க முடியுமான்னு கேளு. நாளைக்கு காலையில பணம் வரும்' என்று சொல்லி வைத்தேன். பணம் அனுப்பியது நான் இல்லை. பேப்பரை மடித்து வைத்து விட்டு, என் வீட்டுக்காரர்தான் பாங்க்குக்குப் போனார்.

அவள் பல்லைக் காப்பாற்றி விட்டார்கள். கேப்பும் போட்டாகி விட்டது.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்போது ஒரு பல் வலித்துக் கொண்டிருக்கலாம். இதைப் படித்து முடித்ததும், கிராம்பு டப்பாவைத் தேடாமல், டாக்டர் நம்பரைத் தேடுங்கள்.

- ஒரு வாசகி,
கும்பகோணம்.